கொதிக்கும் தண்ணீரில் ஒரு தெர்மாமீட்டர்: அதிரசக் குழுவின் நன்றி மடல்

அன்புள்ள கனடா, கால்கரித் தமிழ் உறவுகளுக்கு,

தீபாவளி அதிரசப் பெட்டிகள் எல்லாம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த இரண்டு இரவுகளில் என்ன பாடு பட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அடுப்பு பக்கத்திலேயே நின்றீர்கள், மறுபடி சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் வாசம் கையை விட்டுப் போகும் முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறோம்.

முதல் நன்றி பக்கத்து ரொட்டிக்கடை அம்மையாருக்கு. அதிரசம் என்ற பெயரையே அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். அகால நேரத்தில் விளக்கு எரிகிறதே என்று எட்டிப் பார்த்தவர், எங்கள் முகத்தையும் பாகுச் சட்டியையும் பார்த்தார். தன் கடைக்குப் போய் மிட்டாய் காய்ச்சும் தெர்மாமீட்டரோடு திரும்பி வந்தார். அதைப் பாகில் வைக்கவில்லை. ஒரு பாத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் வைத்தார். தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் 100 காட்டவில்லை; 96-க்கும் 97-க்கும் நடுவில் நின்றது. கருவி சரியாகத்தான் இருக்கிறது, இந்த ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுங்கள் என்றார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் இந்த ஊரில் வெல்லப்பாகு காய்ச்சும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதில் இருக்கிறது. கால்கரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,045 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் மூன்றரை டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். பாகுக்கும் அதே கணக்குதான். அதிரசத்துக்கு வேண்டிய உருட்டுப் பதம் கடலோர ஊர்களில் 112 முதல் 115 டிகிரி செல்சியஸுக்குள் வரும் என்றால், இங்கே அது ஏறக்குறைய 108.5 முதல் 111.5-க்குள் வந்துவிடும். ஊர்க் குறிப்பை நம்பி 114 வரை காய்ச்சினால் பாகு முற்றிவிடும். அதில் தட்டிய அதிரசம் ஓரம் வெடித்து, ஆறியதும் கல்லாக இறுகிவிடும்.

தெர்மாமீட்டர் வேண்டாம், கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கிற நம் பழக்கமே போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சோதனை எந்த உயரத்திலும் செல்லும். தண்ணீர்தான் சரியாக இருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் குழாயில் வருவது பனிபோல் சில்லிட்ட தண்ணீர். அதில் விட்ட சொட்டு பதம் வருவதற்கு முன்பே இறுகி, கையில் அழகாக உருண்டு ஏமாற்றிவிடும். அதை நம்பி இறக்கினால் பாகு இளசு. எண்ணெயில் போட்ட உடனே அதிரசம் பிரிந்து கரைந்து போகும். அம்மையாரின் தெர்மாமீட்டரைச் சட்டியில் வைத்துக்கொண்டு சில்லிட்ட தண்ணீர் ஒரு கிண்ணத்திலும் வெந்நீர் கலந்தது இன்னொன்றிலுமாக வைத்து, இரண்டிலும் சொட்டு விட்டுப் பார்த்தபோது இது கண்ணெதிரே தெரிந்தது. கொஞ்சம் வெந்நீர் கலந்து, கை வைத்தால் குளிராத அளவுக்குக் கொண்டுவந்த தண்ணீரில் பதமும் டிகிரியும் ஒத்துப்போயின.

விடிந்ததும் தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். உங்களிடமே இருக்கட்டும் என்றார். பணமும் வாங்கவில்லை. எங்களுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அம்மா, நீங்கள் தமிழ் படிக்கமாட்டீர்கள். உங்களுக்கு யாராவது இதைப் படித்துச் சொல்வார்கள் என்று நம்புகிறோம்.

ஈரமாவைக் காப்பாற்றிய அக்காவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்துவது ஊர் வழக்கம். கடிகாரம் பார்த்து உலர்த்துவது இங்கே ஆகாது. ஹீட்டர் ஓடுகிற வீட்டின் வறண்ட காற்றில் அரிசி சட்டென்று காய்ந்துவிடும். காய்ந்த மாவு பாகின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உதிரும். ஈரமாவாக இருந்தால்தான் சூடான பாகில் பாதி வெந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும். காற்று வரும் துவாரத்தை மூடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிடி அரிசியைக் கையில் இறுக்கிப் பார்த்து, உள்ளங்கையில் சில அரிசி ஒட்டும்போதே மிக்ஸியில் போட வைத்தவர் அவர். அரைத்துச் சலித்த மாவையும் ஈரத்துணியால் மூடியே வைத்திருந்தார். பாகை இறக்கியபின் மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறி, கரண்டியிலிருந்து தளர்ந்து விழும்போதே கையை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். ஆறினால் தானாக இறுகும். அடுப்பருகிலேயே கெட்டியாக்கினால் மறுநாள் தட்ட வராது. அப்படியும் இறுகிவிட்டால் வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தெளித்துப் பிசைந்தால் மீட்டுவிடலாம்.

வெல்லம் தீர்ந்தபோது லத்தீன் அமெரிக்கக் கடையிலிருந்து பனேலா கட்டிகளைக் கொண்டுவந்த அண்ணனுக்கு நன்றி. அதுவும் கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுத்த வெல்லமே. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ என்ற நம் அளவே அதற்கும் பொருந்தியது. ஏலம் தட்டியவர்களுக்கும், எண்ணெய் காய்ந்து புகையாமல் மிதமான தீயிலேயே காத்தவர்களுக்கும், ஒவ்வொன்றையும் இரண்டு சட்டுவங்களுக்கு நடுவே அழுத்தி எண்ணெய் வடித்தவர்களுக்கும், பாத்திரம் தேய்த்தவர்களுக்கும், பெட்டி கட்டிய பிள்ளைகளுக்கும், பனியில் வண்டி ஓட்டிப் போய்க் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

இனி எந்தக் குறிப்பு எழுதினாலும் அது எந்த உயரத்துக்கு, எந்தக் காற்றுக்கு என்றும் சேர்த்தே எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம். இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கைப்பக்குவம் வரும் வரை காத்திரு என்று சொல்வது நியாயமில்லை. கைப்பக்குவத்தில் பாதி, ஊரின் காற்றும் தண்ணீரும்தான். அதை யாராவது ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் மீதியைக் கை கற்றுக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் மண்டபச் சமையலறையில் இடதுபுற அலமாரியில் இருக்கிறது. பாகு காய்ச்ச வேண்டியவர்கள் யாரும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 100-க்கு எவ்வளவு குறைகிறதோ அதைக் குறிப்பில் உள்ள டிகிரியிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியாலானது, சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டாம்.

அன்புடன்,
அதிரசக் குழுவினர்