விலைக்குப் பக்கத்தில் மதிப்பையும் காட்டச் சொல்லுங்கள்: செபிக்கு ஒரு திறந்த மடல்

செபி தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பான் கார்டு, ஆதார் திருத்தம், பட்டா நகல் என்று வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது ஷேர் வாங்கி வைக்கும் டீமேட் கணக்கு திறக்கவும் வருகிறார்கள். கேஒய்சி முடிந்ததும் எழுந்து போக மாட்டார்கள். "சார், எதை வாங்கலாம்?" என்பார்கள். உங்களிடம் பதிவு பெறாதவன் அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று தெரியும், சொல்வதும் இல்லை. ஆனால் வேறு கேள்விகளும் வருகின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பதில் அவர்களுடைய போன் திரையிலேயே இருந்திருக்க வேண்டும், இல்லை. இடிஎஃப், அதாவது பல கம்பெனிப் பங்குகளையோ தங்கம், வெள்ளியையோ உள்ளே வைத்து, ஷேர் போலச் சந்தையில் யூனிட் யூனிட்டாகக் கைமாறும் ஃபண்ட். அதன் விலைக்கும் உள்ளே இருப்பதன் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் பற்றித்தான் இந்த மடல்.

அதிகம் கேட்கப்படுவது விலை. "இந்த நிஃப்டி இடிஎஃப் இருநூத்திச் சொச்சம், அது இருபத்திச் சொச்சம். சின்னதையே வாங்கிக்கலாமா?" இரண்டுக்குள்ளும் நிஃப்டி பட்டியலில் இருக்கும் அதே 50 கம்பெனிகள்தான், அதே விகிதத்தில். 2019 டிசம்பரில் நிஃப்டி பீஸ் என்ற இடிஎஃப் ஒரு யூனிட்டைப் பத்தாகப் பிரித்தபோது ஆயிரத்துச் சொச்சமாக இருந்த விலை நூற்றுச் சொச்சம் ஆனது. வைத்திருந்தவர்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது ஊர்ப் பாசம். நெய்வேலியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு என்எல்சி ஷேரைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை வராது. 2013இல் மத்திய அரசு என்எல்சி பங்குகளில் ஒரு பகுதியை விற்கக் கிளம்பியபோது, தனியார் கைக்குப் போகக் கூடாதென்று தமிழ்நாடு அரசு நிறுவனங்களே வாங்கிக்கொண்டதை இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். சரி. ஆனால் அதே மாவட்டத்தில், பெரியகுப்பம் கடற்கரையில் நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் எழும்பியது. வேலை முடியும் முன்பே 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப்போட்டது. கடன் முற்றி 2018இல் அந்த நிறுவனம் கலைப்புக்குப் போனது. கண்ணெதிரே நிற்கும் ஆலை என்பது ஷேர் வாங்கப் போதுமான காரணம் ஆகாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எனக்கு உதாரணம் கிடையாது. "அப்ப மொத்தமா எல்லா கம்பெனியும் இருக்கிற இடிஎஃப்பே தேவலை போலிருக்கே" என்று அவர்களே முடிவுக்கு வருகிறார்கள்.

சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

2025 அக்டோபர், தீபாவளிக்கு முந்தைய நாட்கள். உலகச் சந்தையில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. இங்கே சில்வர் இடிஎஃப்களின் சந்தை விலை, உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பைத் தாண்டி எகிறி நின்றது. சில ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் சில்வர் ஃபண்ட் ஆஃப் ஃபண்டுகளில் (சில்வர் இடிஎஃப்பில் பணம் போடும் ஃபண்டுகள்) மொத்தமாகப் பணம் வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்தின. ஷேர் செயலியில் 'வாங்கு' பொத்தான் மட்டும் வழக்கம்போல் வேலை செய்தது. அப்போது சிப்காட் தொழிலாளி ஒருவர் போனஸ் பணத்தோடு வந்து போனை நீட்டினார். "ஏறிக்கிட்டே இருக்குண்ணே, போட்டுரவா?" திரையில் கடைசி விலை, அன்றைய உச்சம், ஓராண்டு உச்சம், மேல்நோக்கிப் போகும் கோடு எல்லாம் இருந்தன. யூனிட்டுக்குள் இருக்கும் வெள்ளிக்கு அந்த நேரத்தில் என்ன மதிப்பு என்பது, அதாவது ஐ-என்ஏவி, இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தைத் திறந்து அந்த எண்ணைக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அப்ப மேல இருக்கிற காசு எதுக்கு?" என்றார்.

100 ரூபாய் மதிப்புள்ளதை 110 கொடுத்து வாங்கினால், தட்டுப்பாடு தீர்ந்ததும் வெள்ளி விலை அப்படியே நின்றால்கூட அந்தப் பத்து ரூபாய் போய்விடும். அவர் வாங்கவில்லை. என் கடைக்கு வராதவர்கள் எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள்.

வெள்ளியோடு இது நிற்கவில்லை. வெளிநாட்டு முதலீட்டுக்கு மியூச்சுவல் ஃபண்ட் துறை முழுவதற்கும் சேர்த்து 700 கோடி டாலர், வெளிநாட்டு இடிஎஃப்களில் போட தனியாக 100 கோடி டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. வரம்பை நெருங்கினால் புது யூனிட் உருவாக்குவது தடைபடும். வாங்குகிறவர்கள் குறைவதில்லை, அதனால் அமெரிக்க நாஸ்டாக் பங்குகளின் இடிஎஃப் மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குக் கைமாறுகிறது. சென்னையில் ஐடி வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்களுக்கே இது பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. பங்கு இடிஎஃப்களின் ஐ-என்ஏவியை அதிகபட்சம் 15 விநாடித் தாமதத்துக்குள் வெளியிட வேண்டும் என்று 2022இல் உத்தரவு போட்டது நீங்கள்தான். ஒவ்வொரு இடிஎஃப்புக்கும் வாங்கவும் விற்கவும் சந்தையில் விலை சொல்லிக்கொண்டே இருக்கும் மார்க்கெட் மேக்கர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்றதும் நீங்கள்தான். 25 கோடிக்கு மேல் வாங்குகிறவர் மட்டுமே ஃபண்ட் நிறுவனத்திடம் நேரடியாகப் போகலாம் என்றதும் அதே உத்தரவுதான். அந்தத் தொழிலாளியின் பிஎஃப் பணத்தில் ஒரு பகுதி 2015 ஆகஸ்டிலிருந்து இடிஎஃப்களுக்குப் போகிறது. அதை வாங்குவது பெரிய நிறுவனம், கணக்குப் பார்த்து வாங்கும். அவரே கைக்காசில் வாங்கும்போது சந்தையில் கேட்கிற விலைதான். யாருக்கு அந்த எண் மிகவும் தேவையோ அவர் கண்ணில் அது படுவதில்லை. எங்கள் லாரன்ஸ் ரோட்டில் எவ்வளவு சின்ன நகைக்கடையானாலும் அன்றைய கிராம் விலையைப் பலகையில் எழுதித்தான் வைக்கிறார்கள்.

ஆகவே கேட்பது இதுதான். இடிஎஃப்புக்கு ஆர்டர் போடும் திரையில், விலைக்குப் பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஐ-என்ஏவியும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சதவீதத்திலும் வர வேண்டும். தங்கம், வெள்ளி இடிஎஃப்களுக்கு ஐ-என்ஏவி வெளியிடுவதில் பங்கு இடிஎஃப் அளவுக்குக் கறார் இல்லை, அதையும் இறுக்குங்கள். வியாபாரம் குறைவாக நடக்கும் இடிஎஃப்பில் ஒருவர் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கிற விலைக்கு வாங்கு என்பது) போட்டால் நிறுத்தி, லிமிட் விலை (இதற்கு மேல் வேண்டாம் என்பது) கேட்க வையுங்கள். அந்த எச்சரிக்கை தமிழிலும் வர வேண்டும். புதுப் பங்கு வெளியீட்டை விளக்கும் காணொளி ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும் என்று 2024இல் சொன்னீர்கள். தேவனாம்பட்டினத்தில் அந்த இரண்டிலும் கேட்டுப் புரிந்துகொள்கிறவர்கள் குறைவு.

திரையில் இடமில்லை, செலவாகும் என்று தரகு நிறுவனங்கள் சொல்லக்கூடும். விலை ஏறும், இறங்கும் என்று கணித்துப் போடும் எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்ற அறிவிப்பை உள்நுழையும்போதே காட்ட வேண்டும் என்று 2023இல் நீங்கள் கட்டாயமாக்கியபோது இடம் கிடைத்தது. அது ஒரு பத்தி. நான் கேட்பது இரண்டு எண்கள்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர் ஜெராக்ஸ் கடைக்காரர், கடலூர்