இன்சுலின் குப்பியும் ஃபிரிட்ஜின் பின்சுவரும்: மருந்தாளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து வழங்கும் மருந்தாளுநர்களுக்கும், அவர்களுக்கு வேண்டியதை வாங்கித் தரும் பொறுப்பிலுள்ள மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை சின்ன மூலக்கூறு. கிடங்கு கொஞ்சம் புழுங்கினாலும் தாங்கிக்கொள்ளும். இன்சுலின் புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட இன்னொரு சங்கிலியும் கந்தகப் பாலங்களால் பிணைந்து, உரிய வடிவில் மடிந்திருக்கும்வரைதான் அது மருந்து.

ஒரு காலத்தில் பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார்கள். மனித மரபணுவின் குறிப்பை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தித் தயாரித்த இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மரபணுப் பொறியியலில் பிறந்து மனிதருக்குப் போட அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். பெங்களூருவின் பயோகான் பிக்கியா என்ற ஈஸ்ட்டில் இதைச் செய்து 2004இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நொதிகலனில் வளர்த்து, படிப்படியாகச் சுத்திகரித்து, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து அனுப்புகிறார்கள். இத்தனை உழைப்பும் ஒரு சிங்கிள் டோர் ஃபிரிட்ஜுக்குள் ஓர் இரவில் வீணாகலாம் என்பதால்தான் இந்த மடல்.

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். தடுப்பூசிக்கான ஐ.எல்.ஆர். என்ற தனிக் குளிர்பெட்டியில் வேறு மருந்து வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் இன்சுலின் சாதாரண வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போகிறது. சித்திரை வெயிலில் யாரோ அதன் குமிழை உச்சத்துக்குத் திருகிவிடுவார்கள். பகலில் கதவு திறந்து மூடிக்கொண்டே இருப்பதால் ஒன்றும் தெரியாது. இரவில் கதவு மூடியே கிடக்கும்போது உறைபெட்டிக்குக் கீழேயும் பின்சுவரை ஒட்டியும் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். அங்கே சாய்ந்திருக்கும் குப்பி உறையும். காலையில் கதவைத் திறந்து வேலை தொடங்கியதும் உருகி, பார்ப்பதற்குப் பழையபடியே நிற்கும்.

எங்களுக்குப் பெரிய கவலை இதுதான். வெண்மையாகக் கலங்கியிருக்கும் என்.பி.எச். (மெதுவாக வேலை செய்யும் இன்சுலின்), 30/70 (ரெகுலரும் என்.பி.எச்.சும் கலந்தது) வகைகள் உறைந்து உருகினால் துகள்கள் கட்டிதட்டும், கண்ணாடியில் பூத்ததுபோல் ஒட்டும். உருட்டினாலும் சீராகக் கலக்காது. ஆகவே ஒரு வேளை ஊசியில் மருந்து கூடும், மறுவேளை குறையும். ஆனால் தெளிவான ரெகுலர் இன்சுலின் கெட்ட பிறகும் தெளிவாகவே இருக்கக்கூடும். உறைந்ததா என்று அறிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்குச் செய்யும் குலுக்கல் சோதனை இதற்கு உதவாது. வெப்பம் பட்டதைக் காட்ட தடுப்பூசிக் குப்பியில் இருக்கும் நிறம் மாறும் சின்னமும் இதில் இல்லை. உறைந்ததாகச் சந்தேகம் வந்தாலே ஒதுக்கிவிடுங்கள்.

வீரியம் குறைந்த குப்பி போன வீட்டில் சர்க்கரை ஏறும். மருத்துவர் அளவைக் கூட்டுவார். அடுத்த மாதம் நல்ல குப்பி கிடைக்கும், கூட்டிய அளவு அப்படியே தொடரும். நள்ளிரவில் வியர்த்துக் கொட்டித் தாழ்சர்க்கரையில் மயங்குபவருக்கு, தவறு ஃபிரிட்ஜில் தொடங்கியது என்பது தெரியவே தெரியாது. சர்க்கரை காரணமின்றி ஏறினால் அளவைக் கூட்டும் முன் குப்பியை மாற்றிப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

செய்ய வேண்டியது கடினமல்ல. குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையைக் காட்டும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி, அதன் உணரியைச் சிறு தண்ணீர் பாட்டிலுக்குள் வையுங்கள். வெறும் காற்றில் வைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் துள்ளும், குப்பிக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது. காலை வந்ததும் முதலில் இரவின் குறைந்தபட்ச எண்ணைக் குறியுங்கள். குப்பிகளை அட்டைப்பெட்டியோடு நடுத்தட்டில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம். அடித்தட்டில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தால் மின்வெட்டில் குளிர் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும்.

சிரிஞ்ச் விஷயத்தில் அதிகாரிகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நம் 10 மில்லி குப்பியில் மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. குப்பியை மட்டும் கொடுத்து அனுப்பினால், வெளிக்கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொள்வார்கள். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் உடம்பில் இறங்கும். அது உயிருக்கே ஆபத்து. குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்தே கொள்முதல் செய்யுங்கள், ஒரே பையில் சேர்த்தே கொடுங்கள்.

திறந்த குப்பியைப் பெரும்பாலான வகைகளில் 28 நாட்கள்வரைதான் பயன்படுத்தலாம். சிலவற்றுக்குக் கூடுதல் நாட்கள் உண்டு, லேபிளைப் பாருங்கள். குப்பியில் மொத்தம் 400 யூனிட். தினம் 20 போடுபவருக்கு 20 நாளில் தீர்ந்துவிடும். தினம் 10 போடும் பாட்டிக்கு 40 நாள் வரும், அவர் மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் கடைசிச் சொட்டுவரை போடுவார். ஆகவே கொடுக்கும்போதே லேபிளில் "திறந்த தேதி" என்று எழுதிக் கோடு போட்டுக் கொடுங்கள்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவரிடம் மண்பானையைச் சொல்லுங்கள். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈரமணல், தினம் இரண்டு வேளை தண்ணீர். குப்பியை மூடிய டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் இருந்தால்தான் நீர் ஆவியாகி உள்ளே குளிரும். உள்மாவட்டங்களின் வறண்ட கோடையில் நன்றாக வேலை செய்யும், கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. பயணத்தில் குப்பி ஐஸ்கட்டியைத் தொடக் கூடாது, துணி சுற்றியே வைக்கச் சொல்லுங்கள்.

அதிகாரிகள் இந்தக் கோடைக்கு முன்பே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வெப்பமானியும் ஒரு பதிவேடும் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வெப்பநிலை தவறியதைப் பதிவேட்டில் எழுதிக் குப்பியை ஒதுக்கும் மருந்தாளுநரிடம் இழப்புக்குப் பணம் பிடிக்க மாட்டோம் என்று எழுத்தில் ஓர் உத்தரவும் வேண்டும். அது இல்லாவிட்டால் எத்தனை பேர் உண்மையான எண்ணை எழுதத் துணிவார்கள்?

இப்படிக்கு,
மருந்தியலிலும் உயிரித் தொழில்நுட்பத்திலும் பணிபுரியும் சிலர்