கரிசல் எழுத்து கரிசல் வீடுகளுக்குப் போகட்டும்: நூலக விழாவுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

போன வருஷம் நம் நூலக விழாவின் கடைசி நாள் சாயங்காலம். கல்லூரி மாணவர் ஒருவர் கரிசல் கதை ஒன்றை மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கமலை இறைக்கிற இடம் வந்ததும், முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "தம்பி, சித்த நிறுத்துய்யா. கூனைன்னா என்னன்னு இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அதச் சொல்லிட்டு மேல வாசி" என்றார். மாணவருக்கும் தெரியவில்லை. பாட்டியே சொல்ல ஆரம்பித்தார். கூனை என்றால் தண்ணீர் மொள்ளுகிற பாத்திரம். மாடு சரிவில் இறங்கும்போது கூனை தண்ணீரோடு மேலே வரும், மாடு பின்னாலேயே நடந்து மேடேறும்போது கூனை கிணற்றுக்குள் போகும். வடம் எது, வால்கயிறு எது என்று கையை வீசிக் காட்டினார். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் போட்டிருந்தது துணிப்பந்தல். பத்து நிமிஷத்தில் ஒழுகிவிட்டது. விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களைத் துண்டிலும் சேலை முந்தியிலும் பொதிந்துகொண்டு நூலகத்துக்குள் ஓடினோம். வாசல் முழுக்கக் கரிசல்மண் அப்பிய செருப்புகள். நாற்பது புத்தகத்துக்கு மேல் நனைந்து வீணாகிவிட்டன. பாட்டி சொல்லிக்கொண்டிருந்தது பாதியிலேயே நின்றுபோயிற்று. நனைந்த புத்தகங்களுக்கு விழாக்குழு பணம் கட்டிவிட்டது. பாதியில் நின்ற பேச்சுதான் எங்களை இன்னும் உறுத்துகிறது.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள நம் பூமிக்கு எழுத்தில் என்ன குறை? எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர். இடைசெவல் என்ற ஒரே ஊரிலிருந்து கு.அழகிரிசாமிக்கு 1970இலும் கி.ராஜநாராயணனுக்கு 1991இலும் சாகித்திய அகாதெமி விருது வந்தது. பிறகு 2014இல் பூமணிக்கு, 2019இல் உருளைக்குடிக் கண்மாயைப் பற்றி எழுதிய சோ.தர்மனுக்கு. கவிதையென்றால் கோவில்பட்டியிலேயே இருந்து எழுதிய தேவதச்சன் இருக்கிறார். இத்தனை பேரும் எழுதியது நம்மைப் பற்றி. நம் கம்மங்காட்டையும் பருத்தியையும் தீப்பெட்டி ஆபீசையும் பற்றி. ஆனால் தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வீடு திரும்புகிற நம் அக்காமார் எத்தனை பேர் கையில் அந்தப் புத்தகங்கள் போயிருக்கின்றன? அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் நூலகம் பூட்டியிருக்கிறது. யாரிலிருந்து அந்த எழுத்து பிறந்ததோ அவர்களிடமே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இந்த விழாவை நாங்கள் எடுப்பதற்கு ஒரே காரணம் அதுதான்.

2022இலிருந்து அரசு நடத்துகிற பொருநை இலக்கியத் திருவிழா பெரிய காரியம், நம்மில் பலர் திருநெல்வேலி போய்க் கேட்டுவிட்டும் வந்தோம். ஆனால் அத்தனை தூரம் பஸ் ஏற முடியாதவர்கள்தான் நம் ஊரில் அதிகம். அவர்களுக்கு விழா தெருமுனையில் நடக்க வேண்டும், அதுவும் அவர்கள் வேலையில்லாத நேரத்தில் நடக்க வேண்டும்.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அதற்குள் வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் விழா. சனிக்கிழமை முதல் நிகழ்ச்சியே பாட்டியுடையது, போன வருஷம் விட்ட இடத்திலிருந்து. அவரோடு இன்னும் சில பெரியவர்கள் வண்டி, ஏர், மழை, விதைப்பு பற்றிய சொற்களைச் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். கி.ரா. 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே கொண்டுவந்தார். அதில் விட்டுப்போன சொல் நம் வீட்டுத் திண்ணையில் இன்னும் எத்தனையோ இருக்கும். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே விழா எடுக்கலாம் என்பது என் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நம் வட்டாரக் கவிஞர்கள் வாசிப்பு. பேர் பெற்றவர்கள் மட்டுமல்ல. சொந்தக் காசைப் போட்டு முன்னூறு பிரதி அச்சடித்து, விற்க வழி தெரியாமல் கட்டுப் பிரிக்காமலே கட்டிலுக்கடியில் வைத்திருக்கிற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகையில்லாமல் மேசை போட்டுத் தருகிறோம். வாசிக்கப்படும் கவிதைகளில் தேர்ந்தெடுத்துச் சிறு தொகுப்பாக 500 பிரதி அச்சிட்டு, வருகிற குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுக்கப்போகிறோம். அன்று மதியம் எல்லோருக்கும் சாப்பாடு. பிள்ளைகளுக்கு நம் ஊர்க் கடலைமிட்டாய்.

இனி கணக்கு. பந்தலும் நாற்காலியும் மைக்செட்டும் 45,000 ரூபாய். இந்தத் தடவை தகரக்கூரை. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பித் துணி கட்ட மாட்டோம். பிள்ளைகள் வீட்டுக்கே கொண்டுபோக 300 புத்தகம், ஒன்று 100 ரூபாய் வீதம் 30,000. கவிதைத் தொகுப்பு அச்சுக்கு 25,000. வெளியூரிலிருந்து வரும் எழுத்தாளர்களின் பயணச் செலவுக்கும் மரியாதைக்கும் 20,000. ஞாயிறு சாப்பாட்டுக்கு 20,000. மொத்தம் 1,40,000. விழாக்குழு உறுப்பினர்கள் கைக்காசு போட்டதில் 38,500 சேர்ந்திருக்கிறது. பாக்கி 1,01,500 ரூபாய்க்காகத்தான் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறோம்.

"நூலகத்துக்குத்தான் வரி கட்டுகிறோமே" என்று சிலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி, நாம் கட்டும் வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி சேர்கிறது. அந்தக் காசில்தான் நூலகங்கள் நடக்கின்றன. நமக்குக் கதவு திறந்திருப்பது அதனால்தான். இந்த விழாவோ வாசகர்களாகிய நாமே எடுப்பது. செலவும் நம்முடையதுதான்.

பொதுப்பணம் திரட்டி எழுத்தாளனுக்குச் சிறப்புச் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. எட்டயபுரத்தில் நிற்கிற பாரதி மணிமண்டபம் எப்படி வந்தது? கல்கி தம் பத்திரிகை வழியாகக் கேட்டார், வாசகர்கள் ஊர் ஊராக இருந்து பணம் அனுப்பினார்கள். 1945இல் அடிக்கல் நாட்டி 1947இல் திறந்தார்கள். அதற்குக் கொடுத்தவர்களில் பெரும் பணக்காரர்கள் மட்டுமா இருந்திருப்பார்கள்? நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு பிள்ளை வீட்டுக்கு ஒரு புத்தகம் போகும். அதற்கும் குறைவாகக் கொடுத்தாலும் அதே மரியாதையோடு ரசீது போட்டுத் தருவோம். பணமாக வேண்டாமென்றால் அரிசி, பருப்பு, காய்கறி, விறகு என்று எதுவானாலும் சரி. பந்தல் போடுகிறவர், அச்சகம் வைத்திருப்பவர் கூலியில் குறைத்துக்கொண்டாலும் அது நன்கொடைதான். சென்னையிலும் திருப்பூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள், இங்கே இருக்கும் அப்பா அம்மா கையில் கொடுத்தனுப்பலாம்.

ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். உண்டியல் ஏந்தி ஒருவரும் வர மாட்டார்கள். கொடுத்தவர் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைப்பதில்லை என்று குழுவில் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம், யாரும் வருத்தப்பட வேண்டாம். பெயர்கள் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் தொகை குறிப்பிடாமல் வரும். விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவு முழுவதும் நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மிச்சமாகும் பணத்துக்கு நம் வட்டார எழுத்தாளர்களின் நூல்களையே வாங்கி நூலகத்துக்குக் கொடுத்துவிடுவோம்.

தினமும் சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை நூலக வாசலில் குழுவினர் இருவர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்கள். அச்சுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் அக்டோபர் கடைசிக்குள் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். சொல் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் வந்து சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களை வண்டி வைத்துக் கூட்டிவருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
செயலாளர்,
நூலக விழாக்குழு