டிரா ரெயின் மாட்டும் முன் வாயைத் திறந்து பாருங்கள்

தமிழ்நாட்டில் குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும், அங்கே எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

ஆறு வருடமாகக் குதிரை ஏறுகிறேன். போட்டிக்குப் போகிற ஆள் இல்லை. வாரத்தில் மூன்று நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், பள்ளிக் குதிரை ஒன்றில் முக்கால் மணி நேரம். அவ்வளவுதான். ஆனால் நான் உட்கார்ந்த குதிரைகளில் பாதிக்கு மேல் மிரளும் குதிரைகள், முரண்டு பிடிக்கும் குதிரைகள். ரேஸில் ஓடி முடித்தவைதான் நம் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் வந்து சேர்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் குதிரைகளின் தலையிலும் வாயிலும் நாம் எதையெல்லாம் மாட்டுகிறோம் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு பள்ளியில் செம்பழுப்பு நிறக் குதிரை ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். ஏழு வயது ஆண் குதிரை, காயடித்தது. ட்ராட்டில், அதாவது மிதமான ஓட்டத்தில், தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். கடிவாள வாரை இழுத்தால் இன்னும் வேகமாக ஓடும். "தலையை இறக்க வைக்கணும்" என்று சொல்லி டிரா ரெயின் மாட்டினார் பயிற்றுநர். வயிற்றுவாரில் தொடங்கி, முன்னங்கால்களுக்கு நடுவே வந்து, வாயில் இருக்கும் பிட்டின் (கடிவாள இரும்பின்) வளையத்துக்குள் நுழைந்து, ஏறியிருப்பவர் கைக்கு வருகிற நீள வார் அது. கிணற்றுக் கப்பி போலத்தான் வேலை செய்யும்: கையில் ஒரு பங்கு இழுத்தால் வாயில் ஏறக்குறைய இரண்டு பங்கு விழும். அதை என்னிடம் கொடுத்தார்கள். பயத்தில் என் பிடி எவ்வளவு இறுகியிருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

குதிரை முதலில் தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டது. பார்க்க அழகாக இருந்தது, "சபாஷ்" என்றார்கள். மூன்றாவது சுற்றில் நின்றது. பின்னால் நகர்ந்தது. "காலால் தட்டு" என்றார்கள், தட்டினேன். முன்னால் போகவும் வழியில்லை, தலையைத் தூக்கவும் வழியில்லை. பின்னங்கால்களில் மேலே எழும்பியது. நான் பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன். அது மல்லாக்க விழாமல் போனது அதன் அதிர்ஷ்டமும் என் அதிர்ஷ்டமும்.

அன்று சாயந்தரம் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் என்னைத் தீனித் தொட்டிக்குக் கூட்டிப் போனார். "தம்பி, இதைப் பாரு" என்று அடியிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரைகுறையாக மென்ற வைக்கோல், எலுமிச்சை அளவுக்கு உருட்டியது போல, ஈரமாக. நாலைந்து கிடந்தன. மெல்ல முடியாமல் துப்பியிருக்கிறது. கால்நடை மருத்துவர் வந்து வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் ரம்பம் மாதிரி. கன்னத்தின் உட்பக்கம் இரண்டு இடத்தில் புண். குதிரையின் பல் தேயத் தேய ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். வெளி ஓரம் சரியாகத் தேயாமல் கூராகிவிடும். அரம் வைத்து ராவிவிட வேண்டும், வருடத்துக்கு ஒரு முறையாவது. அந்தக் குதிரைக்குக் கடைசியாக எப்போது ராவினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

புண் இருக்கிற கன்னத்தைப் பல்லோடு சேர்த்து அழுத்துகிற மாதிரி இரண்டு பங்கு பலத்தில் இழுத்திருக்கிறேன். அந்தக் கை என்னுடையது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

பல்லை ராவியதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. ரேஸ் பழக்கம் மிச்சம் இருந்தது. ஜாக்கியின் கைப்பிடியின் மேல் சாய்ந்து ஓடப் பழகிய குதிரைக்கு, இறுக்கிப் பிடித்தால் 'ஓடு' என்று அர்த்தம். பயந்துபோய் நாம் இறுக்க இறுக்க அது ஓடுகிறது. ஓடுகிறதே என்று மேலும் இறுக்குகிறோம். இதில் குதிரை சொன்னதைத்தான் செய்கிறது.

தலையை ஏன் தூக்குகிறது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். குதிரைக்குக் கண் பக்கவாட்டில். கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் தெரியாது. தூரத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கத் தலையைத் தூக்கியாக வேண்டும். மிரண்ட குதிரையின் தலையை வாரால் கீழே கட்டிவிட்டால், பயந்த பொருளை அது பார்க்கக்கூட முடியாது.

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குதிரைத் தாண்டலும் ஒரு பிரிவாக இருந்த ஐந்து போட்டி விளையாட்டான நவீன பென்டத்லானில் ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய் முதலிடத்தில் இருந்தார். குலுக்கலில் அவருக்கு வந்தது செயின்ட் பாய் என்ற குதிரை. அதற்கு முன் அதே குதிரை இன்னொரு வீராங்கனையிடமும் தாண்ட மறுத்திருந்தது. அறிமுகமே இல்லாத குதிரையோடு பழகிக்கொள்ளக் கிடைத்தது வெறும் 20 நிமிடம். மேலே இருந்தவர் அழுதுகொண்டிருந்தார், கீழே குதிரை மிரண்டு பின்வாங்கிக்கொண்டிருந்தது, வேலிக்கு வெளியே இருந்து பயிற்றுநர் "நன்றாக அடி" என்று கத்தினார். குதிரையைக் கையால் குத்தியதாகத் தெரிந்ததால் அந்தப் பயிற்றுநரைப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். சாட்டையும் இருந்தது, குதிகாலில் மாட்டும் குதிமுள்ளும் இருந்தது. இரண்டும் அந்தக் குதிரையை முன்னே நகர்த்தவில்லை. அதன் பிறகு அந்த விளையாட்டிலிருந்தே குதிரையை எடுத்துவிட முடிவானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்தான் அதற்குக் கடைசி.

எனக்கு அந்த வீராங்கனை மேல் கோபம் வரவில்லை. அவர் முகத்தில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

உபகரணமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மார்புப் பக்கமிருந்து வந்து கடிவாள வாரை வளையத்தால் பிடிக்கும் ரன்னிங் மார்ட்டிங்கேல், சரியான நீளத்தில் விட்டால், தலை எல்லை மீறிப் போகும்போது மட்டும் பிடிக்கும், மற்ற நேரம் சும்மா தொங்கும். ஆள் ஏறாமல் லஞ்சிங் கயிற்றில் (நீளக் கயிற்றில் வட்டமாக) சுற்ற விடும்போது, தெரிந்தவர் கையில், பிட்டிலிருந்து பக்கவாட்டில் தளர்வாகக் கட்டிய சைட் ரெயின் உதவும். டிரா ரெயினையும் தேர்ந்த கைகள் நாசூக்காகப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பே அதை டிரெஸ்ஸாஜ் (குதிரையின் நடை, பயிற்சியை மதிப்பிடும்) போட்டிகளில் அனுமதிப்பதில்லை, ஜம்பிங் போட்டிக் களத்துக்குள்ளும் விடுவதில்லை. அவர்களே அப்படி என்றால், மூன்று மாதம் கற்ற பையன் கையில் அது ஏன்?

மூக்கையும் தாடையையும் சுற்றிக் கட்டும் மூக்குவாரும் அப்படித்தான். இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய கணக்கு. விரலுக்கு விரல் மாறுகிறதே என்று 2025 முதல் சர்வதேசப் போட்டிகளில் அளவுகருவி வைத்தே பார்க்கிறார்கள். நம் லாயங்களில் ஒரு விரல்கூட நுழையாத இறுக்கத்தைப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்து வலியைக் காட்டுகிற குதிரையின் வாயைக் கட்டுகிறோம்.

முள் வைத்த கடிவாளத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, நம் நாட்டின் 1965-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் சேண அறையில் கிடந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள்.

சரி, நான் கேட்பது என்ன? ஒரு குதிரை புதிதாக முரண்டு பிடித்தால், எதையும் மாட்டுவதற்கு முன் பல், முதுகு, சேணத்தின் பொருத்தம், குளம்பு இவற்றை யாராவது பார்த்தார்களா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சைஸ் சொல்வதைக் கேளுங்கள். தொட்டியில் கிடப்பதைப் பார்ப்பவர் அவர்தான். டிரா ரெயினை மாணவர்களிடம் கொடுக்காதீர்கள்.

மாட்டியே ஆக வேண்டும் என்றால் கழுத்து வார் ஒன்று போதும். அந்தச் செம்பழுப்புக் குதிரையில் நான் திரும்ப ஏறியது அதை நம்பித்தான். கழுத்தைச் சுற்றி ஒரு தோல் வார், பிடிக்க. குதிரை துள்ளும்போது என் கை தானாக அதைப் பற்றும், வாயை விட்டுவிடும். இறுக்கம் இல்லாததால் அது ஓடவில்லை. அது ஓடாததால் என் கை தளர்ந்தது. களத்து ஓரத்தில் போட்டிருக்கும் நீலத் தார்ப்பாயைக் கண்டால் இன்றும் நின்றுவிடும். நானும் நிற்கிறேன். தலையைத் தூக்கி நன்றாகப் பார்க்கும், பிறகு பெருமூச்சு விட்டு நடக்கும். சில நாள் அரை நிமிடம், சில நாள் ஐந்து நிமிடம்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வார் ஒன்று எல்லாச் சேண அறையிலும் தொங்கும். நாளைக் காலை முதல் வகுப்புக்கு முன், உங்களிடம் இருப்பதிலேயே அதிகம் மிரளும் குதிரையின் கழுத்தில் அதை மாட்டிவிடுங்கள்.

அன்புடன்,
வாரம் மூன்று நாள் ஏறுகிற ஒரு மாணவன்