காலாண்டு விடுமுறையை ஒட்டிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. வட்டார விளையாட்டுப் போட்டிகளிலும் பேச்சு, ஓவியப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் வென்றார்கள். அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் பாராட்டுகள். விடைத்தாள்கள் விடுமுறைக்குப் பின் தரப்படும்.

ஜூலை 19, புனித மக்ரினாவின் திருநாள். அன்று காலை இறைவணக்கக் கூட்டத்தில் அவர் கதையைச் சொன்னேன். இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவில், 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குடும்பம் அது. மூத்தவர் மக்ரினா. தம்பிகளான பசிலியார், கிரகோரியார், பேதுரு மூவரும் ஆயர்கள் (பிஷப்புகள்) ஆனார்கள்; நால்வரையும் திருச்சபை புனிதர்களாகப் போற்றுகிறது. ஏதென்சில் படித்துவிட்டுச் சொல்வன்மைச் செருக்கோடு திரும்பிய பசிலியாரைத் துறவு வாழ்வின் பக்கம் திருப்பியவர் இந்த அக்காதான். கடைக்குட்டி பேதுரு பிறந்த சமயத்தில் தந்தை இறந்துவிட, அவருக்குத் தந்தையும் தாயும் ஆசிரியரும் மக்ரினாவே.

சென்ற மாதம் ஒரு மாலை, மணி ஆறாகிவிட்டது. உயர்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். பிறகு வந்த தாயாரிடம் தாமதத்தைப் பற்றிக் கேட்டேன். "அக்கா இருக்கிறாளே சிஸ்டர், நீங்கள் சொன்ன மக்ரினா மாதிரிப் பார்த்துக்கொள்வாள்" என்றார். அதில் மகள்மேல் இருந்த பெருமைதான் தெரிந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் கதையில் பாதியைத்தான் நான் சொல்லியிருந்தேன். அக்காவின் வரலாற்றை எழுதியவர் கிரகோரியார். பேதுரு பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, தாய் எம்மேலியா மக்ரினாவைத் தம் அருகில் வைத்து விவிலியத்தின் சாலமோனின் ஞானம், திருப்பாடல்கள் ஆகிய நூல்களைக் கற்பித்ததை அதில் விரிவாகச் சொல்கிறார். ஆன்மாவையும் உயிர்ப்பையும் பற்றிய உரையாடல் நூலில் அக்காவை 'ஆசிரியர்' என்றே குறிப்பிடுகிறார். தம்பியை வளர்த்த அந்தப் பெண்ணை, முதலில் தாய் உட்கார வைத்துப் படிக்க வைத்தார்.

தொடக்க வகுப்புகள் 3.30 மணிக்கு முடிகின்றன. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 4.15 முதல் 5.15 வரை சிறப்பு வகுப்பு. தம்பி தங்கையை அழைத்துப்போக யாரும் வராததால் மாணவிகள் பாதியில் எழுந்து போகிறார்கள். அப்படி எழுந்து போகும் அண்ணன் ஒருவனைக்கூட இதுவரை நான் பார்க்கவில்லை.

வேலை முடியும் நேரமும் பஸ் வரும் நேரமும் உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். தாமதமாகும் என்றால் காலையிலேயே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். 5.30 வரை ஓர் ஆசிரியை சிறுபிள்ளைகளோடு நூலகத்தில் இருப்பார். ஆனால் விடுமுறைக்குப் பின், தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக எந்த மாணவியையும் வகுப்பிலிருந்து அனுப்ப மாட்டேன். இதில் விதிவிலக்கு கிடையாது. அந்த ஒரு மணி நேரம் அவளுடையது.

நேரத்துக்கு வரும் பெற்றோருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிச்செல்லும் தாய்மாருக்கும், கடைசிக் குழந்தை ஏறும்வரை காத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அந்தச் சிறுவனை அழைத்துப்போக மறுநாள் 3.30 மணிக்கே அவன் பாட்டி வந்து நின்றார். அவனுடைய அக்கா அன்று சிறப்பு வகுப்பில் முழு நேரமும் இருந்தாள். அந்தப் பாட்டிக்கு என் தனி நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியை