ஞாயிறு மாலை: கடலடி வெந்நீர் ஊற்று

வணக்கம். ஞாயிறு மாலை 5 மணிக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கூடுகிறோம். இந்த வாரம் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள்.

1977ல் பசிபிக் கடலில் காலபகோஸ் தீவுகள் பக்கம், சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் முதலில் பார்த்தார்கள். வெயிலே எட்டாத இருட்டில் அத்தனை உயிர்கள்! அங்குள்ள ராட்சதக் குழாய்ப்புழு ஆளுயரத்துக்கு வளரும். வாய் கிடையாது, குடலும் கிடையாது. ரத்தச் சிவப்பான கொண்டையால் ஹைட்ரஜன் சல்பைடை (அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதேதான்) இழுத்து, உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குக் கொடுக்கும். அது ஆக்கிப்போடுவதுதான் புழுவுக்குச் சாப்பாடு.

2024 டிசம்பரில் நம்ம இந்தியப் பெருங்கடலிலும் 4,500 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊற்றைச் சென்னை என்ஐஓடி (தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம்) விஞ்ஞானிகள் படமெடுத்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வருகிறேன். கடலுக்குப் போகும் அண்ணன்மார் அவசியம் வாங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க.