கல்லூரியை மூடினால் ரத்த வங்கியும் காலியாக வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஆக்சிஜன், படுக்கை என்றுதான் எழுதுகிறார்கள். ரத்தத்துக்கு மக்கள் அலைந்த அலைச்சலை யாரும் பேசுவதில்லை. சேலம் பக்கம் ரத்ததான முகாம் நடத்தும் குழுவில் இருப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நம்மூரில் முகாம் என்றால் கல்லூரி, ஐ.டி. கம்பெனி, தலைவர் பிறந்தநாள், ரசிகர் மன்றம், அவ்வளவுதான். 2020 மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்ததும் அத்தனையும் நின்றுபோயின. முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கலாமே என்றால், சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) 5 நாள்தான் ஆயுள். அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள், சாலை விபத்தும் குறைந்தது, அதனால் தேவை கொஞ்சம் இறங்கியது உண்மைதான். ஆனால் பிரசவத்தில் உதிரப்போக்கு ஊரடங்கு பார்த்தா வரும்? இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆகவேண்டிய, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ள பிள்ளைகளை எந்தத் தேதிக்குத் தள்ளிப்போடுவது?

கொடுக்க மனமிருந்தவர்களும் வரவில்லை. பஸ் இல்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். அதைவிடப் பெரிய தடை, பெரிய அரசு மருத்துவமனைகளில் ரத்த வங்கியும் கொரோனா வார்டும் ஒரே வளாகத்துக்குள் இருந்ததுதான். ரத்தம் கொடுப்பதால் கொரோனா வராது என்று போனில் எத்தனை முறை சொன்னாலும், அந்த கேட்டுக்குள் பிள்ளையை அனுப்ப எந்த அம்மாவுக்கு மனசு வரும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கூட ஒரே ஒரு ஆள் மட்டும் துணைக்கு இருந்த வெளியூர் நோயாளியிடம் போய், "பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னால் அவர் எங்கே போவார்?

அப்புறம் 2021-ல் தடுப்பூசி. கடைசி டோஸ் போட்டு 28 நாள் கழித்துத்தான் ரத்தம் கொடுக்கலாம் என்று மார்ச்சில் தேசிய ரத்தப் பரிமாற்றக் கவுன்சில் சொன்னது. மே 1 முதல் 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஊசி என்றதும், வழக்கமாகக் கொடுக்கும் இளைஞர்கள் மொத்தமாக விலகிவிடுவார்களே என்று பதறினோம். நல்லவேளை, அதே மாதத்தில் 14 நாளாகக் குறைத்தார்கள்.

பணக்கார நாடுகளில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 31 முறைக்கு மேல் ரத்ததானம் நடக்கிறது, ஏழை நாடுகளில் 5 முறைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையிருப்பு இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு மாதம் முகாம் நின்றாலே உயிர் போகும்.

அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்காமல் அரசு இப்போதே செய்யக்கூடியவை உண்டு. ரத்த வங்கிக்கு மருத்துவமனைக்கு வெளியிலிருந்தே தனி வாசல் வையுங்கள். ரத்தம் எடுக்கும் பஸ்ஸைக் கல்லூரிக்கு மட்டும் அனுப்பாமல் தெருவுக்கும் அனுப்புங்கள். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பதால், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்தப் பகுதிக் கொடையாளர் பட்டியலை வைத்து முறைபோட்டுக் கூப்பிடுங்கள். ஊரடங்கு என்று வந்தால் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு, கேட்காமலே பாஸ் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ரத்ததானத் தன்னார்வலர்,
சேலம்.